பிள்ளை கோலில் நிற்கிறேன் என்றால்: சுவீடனில் ஓர் ஐஸ் ஹாக்கி கீப்பர் உருவாகும் வழி

யெவ்லெயில் டிசம்பர் மாதச் சனிக்கிழமை, காலை ஏழு மணி. வெளியே கும்மிருட்டு. ஊரில் காபிக்கொட்டை வறுக்கும் ஆலை இருக்கிறது. காற்று திரும்பினால் ஐஸ் ஹாக்கி ஆடும் ரிங்க் வாசல் வரைக்கும் அந்த வாசனை வரும். உள்ளே எட்டு வயதுப் பையன்கள் பதினைந்து பேர். பயிற்சியாளர் கிளப்பின் கீப்பர் பையைத் தரையில் போட்டு, "இன்றைக்கு யார்?" என்று கேட்டார். நாலைந்து பேர் குனிந்து ஸ்கேட் கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்கள். என் மகன் கையைத் தூக்கினான்.

நான் சேலத்துக்காரன். எங்கள் தெரு கிரிக்கெட்டில் கீப்பிங் என்பது யாருக்கும் வேண்டாத வேலை. பேட்டும் கிடைக்காமல் பந்தும் கிடைக்காமல் மிஞ்சுகிறவன் தலையில்தான் விழும். அதனால் அன்றைக்கு எனக்கு மனசு கொஞ்சம் வாடிப்போனது. வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவனே சொன்னான்: "எல்லாரும் பக்கைத் துரத்துறாங்கப்பா. எனக்கு அது என்கிட்ட வரணும்." ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டுதான் பக்.

பதினொரு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவனுக்கு 19 வயது. சுவீடனின் மூன்றாம் அடுக்கான ஹாக்கிஎட்டனில் ஓர் அணிக்கு இரண்டாவது கீப்பர். இங்கே சான்ட்விக்கன், யெவ்லெ பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம் குடும்பங்களில் பிள்ளைகளை ஹாக்கியில் சேர்ப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். "எங்க பொண்ணு கோல்ல நிக்கிறேங்கிறா, என்ன பண்றது?" என்று மாதம் ஒரு போனாவது வருகிறது. எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

முதலில் மனசைத் தயார் செய்யுங்கள்

கீப்பர் தாமதமாகக் கனிகிற மரம். தாக்குதல் ஆட்டக்காரன் யார் என்பது 18 வயதில் ஓரளவு தெரிந்துவிடும். கீப்பர் விஷயத்தில் 25, சில பேருக்கு 30 ஆனால்தான் தெரிகிறது. தடியால் அடித்துக் கனிய வைக்க முடியாது. நான் கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருகிறதுதான்.

ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் கதையைப் பாருங்கள். ஓரெ என்கிற பனிச்சறுக்கு ஊரில் வளர்ந்தவர். பயிற்சியாளர் யார் கீப்பராக நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, இரட்டைச் சகோதரன் யோயல்தான் ஹென்ரிக்கின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாராம். வட அமெரிக்காவின் உச்சி லீகான என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், 2000-ஆம் ஆண்டு, யோயலை 68-வது ஆளாக எடுத்தார்கள். ஹென்ரிக்கை 205-வதாகத்தான் நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. அவர் உடனே அமெரிக்கா ஓடவில்லை. ஐந்து வருடம் கோத்தன்பர்க்கில் ஃப்ரொலுண்டாவுக்கு ஆடினார். 2003, 2005 இரண்டு வருடமும் சுவீடன் பட்டம். 2005-இல் நியூயார்க் போனபோது வயது 23. அடுத்த பிப்ரவரியில் டூரின் ஒலிம்பிக்கில் தங்கம். பின்லாந்துடன் இறுதி ஆட்டம், 3-2. கடைசி நொடிகளில் ஓலி யோக்கினென் அடித்ததை அவர் தடுத்த காட்சியை என் மகன் எத்தனை முறை பார்த்திருப்பான் என்று கணக்கே இல்லை. 2012-இல் சிறந்த கீப்பருக்கான வெசினா கோப்பை. ஒரே அணிக்கு 887 ஆட்டம், 459 வெற்றி. 205-வது ஆள்!

எங்கள் ஊர்க்காரர் யாக்கோப் மார்க்ஸ்ட்ரோம் இன்னொரு மாதிரி. ப்ரூனெஸ் கிளப் வளர்த்த பிள்ளை. 2008-இல் 31-வதாகவே எடுத்துவிட்டார்கள், பெரிய நம்பிக்கை. ஆனால் 2014-இல் வான்கூவர் அணி அவரை வேண்டுமானவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டியலில் போட்டது. எந்த அணியும் எடுக்கவில்லை. கீழ்நிலை லீகுக்குப் போய் யூட்டிகா அணியை இறுதிச் சுற்று வரை கொண்டுபோனார். எட்டு வருடம் கழித்து, 2022-இல், வெசினா வாக்கெடுப்பில் இரண்டாம் இடம்.

விக்டர் ஃபாஸ்த் இன்னும் வியப்பு. காலிக்ஸ் ஊர்க்காரர், யாருமே தேர்வில் எடுக்காதவர். கீழ் அடுக்கு அணிகளில் வருடக்கணக்கில் ஆடிவிட்டு, 28 வயதில்தான் சுவீடனின் முதல் லீகில் ஏ.ஐ.கே. அணிக்கு நின்றார். 30 வயதில் அனஹெய்ம் போய் என்.எச்.எல்.லில் முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றார்.

உங்கள் பத்து வயதுப் பிள்ளையை யாராவது "இவன் தேறமாட்டான்" என்றாலும், "இவன்தான் அடுத்த லுண்ட்க்விஸ்ட்" என்றாலும், ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆறு வயதிலிருந்து பத்து வரை

கிளப்கள் நடத்தும் ஹாக்கிப் பள்ளியில் ஐந்தாறு வயதில் சேர்க்கலாம். கீப்பராக யாரும் நேரடியாகச் சேர்வதில்லை. முதலில் எல்லோருக்கும் ஸ்கேட்டிங்தான். பிறகு முறை வைத்து ஆளுக்கொரு நாள் கோலில் நிற்பார்கள். இந்த முறை நல்லது; பிள்ளை பிடிவாதம் பிடித்தாலும் எல்லா வாரமும் கோலிலேயே நிற்கவிடாதீர்கள். பாதி நாள் வெளியே ஓடட்டும். ஐஸில் நன்றாக நகரத் தெரியாத கீப்பர், தடுப்பு எல்லாம் கற்றாலும் 13 வயதில் திணறுவான். என் மகன் பத்து வயது வரை ஒரு வாரம் கோல், ஒரு வாரம் தற்காப்பு என்று மாறி மாறி ஆடினான். அதற்கு நான் இன்றும் அந்தப் பயிற்சியாளருக்கு நன்றி சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், இடுப்பு. முழங்கால் இரண்டையும் உள்பக்கம் மடக்கி ஐஸில் விழுந்து, கால் பேடு இரண்டும் தரையோடு தரையாக விரியும் நிலைக்குப் பட்டர்ஃபிளை என்று பெயர். இன்றைய கீப்பிங்கின் அடித்தளமே அதுதான். யூடியூபில் பார்த்துவிட்டு பிள்ளைகள் வீட்டுக் கம்பளத்தில் நாள் முழுக்க அதைச் செய்வார்கள். வளரும் இடுப்பு மூட்டுக்கு அது பெரிய சுமை. கீப்பர்களுக்கு இடுப்பு வலி வருவது சகஜம் என்பதை எந்த பிசியோதெரபிஸ்டும் சொல்வார். கோடையில் வேறு விளையாட்டு ஆடட்டும். என் மகன் கால்பந்தும் டேபிள் டென்னிசும் ஆடினான். டேபிள் டென்னிஸ் கண்ணுக்குக் கொடுத்த பயிற்சியை நான் எந்த கீப்பர் முகாமிலும் பார்க்கவில்லை.

பேடு வாங்கும்போது நான் செய்த தப்பு

முதல் இரண்டு மூன்று வருடத்துக்குக் கிளப்பே கீப்பர் சாமான்களை இரவல் தரும். தரும்வரை வாங்காதீர்கள். புதிதாக முழு செட் வாங்கினால் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும்.

ஒன்பது வயதில் அவனுக்கு ப்ளொக்கெத் தளத்தில் பழைய கால் பேடு வாங்கினேன். பள்ளிச் சீருடை தைக்கும்போது வளரும் பிள்ளை என்று இரண்டு அங்குலம் கூட விட்டுத் தைப்போமே, அதே புத்தியில் இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிட்டேன். அடுத்த ஆட்டத்தில் முதல் கோல் கால்களுக்கு நடுவே. இரண்டாவதும் நடுவே. மூன்றாவது கோலுக்கு அவன் கீழே விழுந்தபோது பேடின் மேல்நுனி இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, முழங்கால் தரையைத் தொடவே இல்லை. அடியில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியாக பக் சாவகாசமாக உள்ளே போனது. அவன் திரும்பி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்கிற என்னைப் பார்த்தான். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. தப்பு அவனுடையதில்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை; சொல்லவும் இல்லை.

சரியான வழி இது. ஸ்கேட் போட்டு உட்கார வைத்து, கால் பேடின் உள்பக்கம் முழங்கால் மெத்தை இருக்கிறதல்லவா, அதன் நடுவில் முழங்கால் சில்லு வந்து உட்காருகிறதா என்று பாருங்கள். அப்புறம் மண்டியிடச் சொல்லுங்கள். பேடு சுழன்று முகப்பு முன்பக்கம் திரும்ப வேண்டும்; தரையில் இடைவெளி இருக்கக் கூடாது. எழுந்து நின்றால் தானாகவே பழைய இடத்துக்கு வர வேண்டும். கடையில் வெட்கப்படாமல் பத்து முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்.

பிடிக்கிற கிளவ்வை இங்கே ப்ளொக் என்பார்கள். மறு கையில் மட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் பலகை மாதிரியானது ஸ்தொத். ப்ளொக் பிள்ளையின் கையால் முழுதாக மூடித் திறக்க வர வேண்டும். விரைப்பான பெரியவர் கிளவ்வை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் பக் உள்ளே வந்து மறுபடி வெளியே விழும். முகமூடி, மார்புக் காப்பு, கழுத்துக் காப்பு இவற்றில் மட்டும் பழையது வேண்டாம், காசு மிச்சம் பார்க்கவும் வேண்டாம். பக் என்பது ஓர் அங்குலத் தடிமனில் கிட்டத்தட்ட 170 கிராம் கெட்டி ரப்பர், அதுவும் உறைய வைத்தது.

கீப்பர் ஸ்கேட்டின் பிளேடு மற்றவர்களுடையதைவிட நீளம், தட்டை. சாணை பிடிக்கக் கொடுக்கும்போது கீப்பர் ஸ்கேட் என்று சொல்லிக் கொடுங்கள்.

காய வைப்பதும் ஒரு வேலைதான். ஆட்டம் முடிந்ததும் பை அப்படியே கார் டிக்கியில் கிடந்தால் மறுநாள் வீட்டுக்குள் நுழைய முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பொதுத் துணி துவைக்கும் அறை இருக்கும், பக்கத்தில் உலர்த்தும் அறையும் இருக்கும். ஞாயிறு மாலை நேரத்தை முன்பே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கிளவ்வை மட்டும் ஹீட்டர் மேல் வைக்காதீர்கள்; காய்ந்து மரக்கட்டை ஆகிவிடும். ஒரு டென்னிஸ் பந்தை உள்ளே வைத்து மூடி, நிழலில் விடுங்கள்.

இரண்டு துணிக்கயிறும் ஒரு மதியமும்

இந்த ஒரு பயிற்சியை மட்டும் எல்லாப் பெற்றோரும் செய்து பாருங்கள். கோல் வாயின் அகலம் 183 செ.மீ., உயரம் 122 செ.மீ. வெளி ஐஸ் மைதானத்திலோ, கோடையில் வாகனம் இல்லாத நிறுத்தத்திலோ ஒரு கோல் கிடைத்தால் போதும். இரண்டு கம்பத்தின் அடியிலும் கம்பத்துக்கொரு துணிக்கயிறு கட்டுங்கள். மறுமுனை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 6 மீட்டர் தூரத்தில் உட்காருங்கள். உங்கள் கைதான் பக். பிள்ளை கயிறுகளுக்கு நடுவே நிற்கட்டும்.

கோல் கோட்டிலேயே நின்றால் கயிறுகளுக்கு நடுவே 183 செ.மீ. அவனால் மூட முடியாது. இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும். இரண்டு மீட்டர் முன்னே வரச் சொல்லுங்கள். இப்போது 122 செ.மீ.தான். கை இரண்டையும் விரித்தால் கிட்டத்தட்ட கயிறுவரை எட்டிவிடும். என் மகன் அதைக் கண்டதும் "ஓ!" என்று நின்றுவிட்டான். அதுவரை பயிற்சியாளர் "வெளியே வா, வெளியே வா" என்று கத்தியதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதோடு விட்டுவிடாதீர்கள். கயிறு முனையைப் பிடித்தபடியே நீங்கள் பக்கவாட்டில் நாலு எட்டு நகருங்கள். அதாவது எதிரணி பக்கை இன்னொருவனுக்குத் தள்ளிவிட்டான். கயிறுகள் முழுதாக இடம் மாறிவிடும். முன்னே வந்து நிற்கிற பிள்ளை அவற்றுக்கு வெளியே நிற்பான். மறுபடி நடுவுக்கு வர அவன் நீண்ட தூரம் போக வேண்டும். அதுவே கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் ஓர் எட்டு போதும். முன்னே வந்தால் கோல் சின்னதாகிறது, நகர வேண்டிய தூரம் கூடுகிறது. பின்னே போனால் நேரம் கிடைக்கிறது, கோல் பெரிதாகிறது. ஒவ்வொரு கீப்பரும் இந்த இரண்டுக்கும் நடுவில் தன் இடத்தைத் தேடிக்கொள்வதுதான் வாழ்நாள் வேலை.

லுண்ட்க்விஸ்ட் நியூயார்க்கில் கோட்டுக்கு வெகு பக்கத்தில் நிற்பதற்குப் பேர்போனவர். பென்வா அலெர் என்கிற பயிற்சியாளரோடு சேர்ந்து அந்த ஆட்டத்தை வளர்த்தெடுத்தார். அமெரிக்க ரிங்க் 26 மீட்டர் அகலம். சுவீடனில் பழைய அளவு 30. அமெரிக்காவில் எல்லாமே நெருக்கம். பக்கவாட்டுப் பாஸ் சட்டென்று வந்துவிடும். பத்து மீட்டரிலிருந்து மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் வரும் பக்குக்கு கால் நொடிக்குக் கொஞ்சம்தான் அதிகம். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. முன்கூட்டியே சரியான இடத்தில் நிற்பது மட்டும்தான் முடியும். அதனால்தான் நல்ல கீப்பர் ஆடும்போது பார்க்கச் சப்பென்று இருக்கும். பாய்ந்து பாய்ந்து தடுக்கிறானே என்று கைதட்டும்போது, ஏன் பாய வேண்டி வந்தது என்றும் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது: சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து பிடிப்பது, தினம் பத்து நிமிடம். பந்து கைக்குள் போய் உட்காரும்வரை கண் அதைவிட்டு நகரக் கூடாது, தலையும் கூடவே திரும்ப வேண்டும். எங்கள் நிலவறைச் சுவரில் வட்ட வட்டமாக இன்னும் தடம் இருக்கிறது.

பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது

இந்த வயதில்தான் பல பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். இதற்கு முன் விளையாட்டு; இதற்குப் பிறகு தேர்வு. ஒரு மகனின் அப்பாவாக எனக்கு ரொம்பக் கஷ்டமான வருடங்கள் இவை.

15 வயதில் மாவட்ட அணிகள் மோதும் டிவி-பக்கன் போட்டி வரும். 1959-இலிருந்து நடக்கிறது. சுவீடனில் பேர் வாங்கிய ஆட்டக்காரர்களில் நிறையப் பேர் அதில் ஆடியவர்கள். அணிக்கு இரண்டு கீப்பர்தான். என் மகன் மூன்றாவது. அந்த வாரம் அவன் அறைக்கதவு சாத்தியே இருந்தது. நாங்கள் தட்டவில்லை, சாப்பாட்டை மட்டும் வாசலில் வைத்தோம். எட்டாம் நாள் அவனே வந்து, "திங்கட்கிழமை பயிற்சிக்கு யார் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டான்.

ஒன்பதாம் வகுப்பில் ஹாக்கி ஜிம்னாசியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வருட மேல்நிலைப் படிப்பு. கல்விக் கட்டணம் கிடையாது. பள்ளி நேரத்துக்குள்ளேயே காலைப் பயிற்சி நடக்கும், மாலையில் கிளப் அணியோடு. கீப்பருக்கு அங்கே இருப்பது ஒரு வகுப்புக்கு ஓரிரு இடம்தான். ஆகவே பெரிய பேர் உள்ள இடத்தைவிட, கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் வாரம் எத்தனை முறை வருகிறார், உங்கள் பிள்ளைக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கும் என்று கேளுங்கள். எங்களிடம் ஒரு கிளப் இனிக்க இனிக்கப் பேசியது. எத்தனை ஆட்டம் என்று கேட்டபோது மட்டும் பேச்சு மாறியது. அங்கே அனுப்பவில்லை. அவன் வேறு ஊரில் சின்ன இடத்தைத் தேர்ந்தெடுத்தான்.

அதாவது 16 வயதில் வீட்டைவிட்டுப் போனான். இதை நம் வீட்டு அம்மாக்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் மனைவி முதல் மாதம் சாம்பாரைச் சின்னச் சின்ன டப்பாவில் உறைய வைத்து இருபது டப்பா கொடுத்தனுப்பினாள். இரண்டாவது மாதம், போனில் பருப்பு வேகவைக்கச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது அவன் அணியில் பாதிப் பேருக்கு அவன் ரசம் பழக்கம்.

அதற்குப் பிறகு ஏணி இப்படிப் போகும்: 18 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் அணிகள், அப்புறம் ஹாக்கிஎட்டன், ஹாக்கிஆல்ஸ்வென்ஸ்கன், உச்சியில் எஸ்.எச்.எல். உச்சி லீகில் 14 அணி, ஓர் அணிக்கு 52 லீக் ஆட்டம். அணிக்கு இரண்டு கீப்பர் என்றால் நாடு முழுக்க 28 இடம். அதிலும் பின்லாந்து, கனடா என்று வெளியிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர் இருப்பார்கள். இந்தக் கணக்கை 16 வயதில் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், பயமுறுத்தாமல். படிப்பை விடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. மகன் இப்போது பகலில் தொலைநிலைக் கல்வியில் கணக்குப் பாடம் எடுக்கிறான்.

கீழ் அடுக்கில் ஆடுவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். உச்சி அணியின் பெஞ்சில் உட்கார்ந்து வருடத்துக்கு மூன்று ஆட்டம் நிற்பதைவிட, மூன்றாம் அடுக்கில் முப்பது ஆட்டம் பக் வாங்குவது மேல். லினுஸ் உல்மார்க்கை 2012-இல் 163-வதாக எடுத்தார்கள். அவர் மோடோ அணியிலேயே தங்கி ஆடிப் பழகிவிட்டுத்தான் அமெரிக்கா போனார். 2023-இல் பாஸ்டனுக்கு 40 வெற்றி, வெசினா கோப்பை, வயது 29.

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வந்த பக்கில் எத்தனை சதவீதம் தடுத்தான் என்பதுதான் எல்லோரும் பார்ப்பது. 25-இல் மூன்று உள்ளே போனால் 88 சதவீதம், இரண்டு போனால் 92. ஒரே ஒரு பக், நடுவில் யாரோ ஒருவரின் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பியிருக்கலாம். ஆகவே ஓர் ஆட்டத்தின் எண்ணை மறந்துவிடுங்கள். ஒரு சீசன் முழுக்கப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு: பல கிளப்பில் சின்ன வயதில் ஆண் பிள்ளைகளோடு சேர்ந்தே ஆடுவார்கள். அது நல்ல பயிற்சி. கிம் மார்ட்டின் 2002 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபோது வயது 15. நாலு வருடம் கழித்து டூரினில், அதுவரை கனடாவைத் தவிர யாரிடமும் தோற்காத அமெரிக்காவை அரையிறுதியில் பெனால்டி வரை இழுத்துச் சென்று சுவீடன் வென்றது, கோலில் அவர்தான். மகளுக்கு அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

கோல் விழுந்த பிறகு

2002 பிப்ரவரி, சால்ட் லேக் சிட்டி, காலிறுதி, சுவீடனும் பெலாரஸும். 3-3. முடிய இன்னும் சில நிமிடம். பெலாரஸின் விளாதிமிர் கோபாட் வெகு தூரத்திலிருந்து அடித்தது சுவீடன் கீப்பர் டொம்மி சாலோவின் முகமூடியில் பட்டு எகிறி, பின்னால் விழுந்து கோட்டைத் தாண்டியது. சுவீடன் வெளியே. நாடே அவர் மேல் பாய்ந்தது. அதே சாலோதான் 1994-இல் லில்லஹாமரில் கனடாவின் பால் கரியா அடித்த கடைசிப் பெனால்டியைத் தடுத்து நாட்டுக்கு ஐஸ் ஹாக்கியில் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கித் தந்தவர். இரண்டையும் என் மகனுக்கு 12 வயதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அதுக்கப்புறம் அவர் ஆடினாரா?" ஆடினார், பல வருடம் ஆடினார்.

காரில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அவனாக ஆரம்பிக்கும் வரை ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. "பசிக்குதா?" என்று கேளுங்கள், அது போதும். ஒரு நாள் நான் வண்டியை எடுத்ததுமே, "அந்த மூணாவது கோல் எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டுவிட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. எப்படிப் போனது என்பது அவனுக்கு ஆயிரம் முறை தெரியும்.

தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, ரிங்க் வாசலில் வயிறு வலிக்கிறது என்றால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். கோத்தன்பர்க்கிலிருந்து என்.எச்.எல்.லுக்குப் போன கீப்பர் ராபின் லேனர், தனக்கு இருமுனைக் கோளாறும் குடிப்பழக்கமும் இருந்ததை 2018-இல் வெளிப்படையாகச் சொல்லி, சிகிச்சை எடுத்துத் திரும்பி வந்தார். 2019-இல் விடாமுயற்சிக்கான மாஸ்டர்டன் கோப்பை அவருக்கு. நம் வீடுகளில் வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம் இது. பள்ளியிலேயே ஆலோசகர் இருப்பார். பிள்ளையோடு போய் உட்காருங்கள்.

உடம்பும் எப்போது நிறுத்தும் என்று தெரியாது. லுண்ட்க்விஸ்ட் 2020-இல் வாஷிங்டன் அணியில் சேர்ந்தார். இதயத்தில் கோளாறு தெரிந்தது. அடுத்த ஜனவரியில் திறந்த இதய அறுவை சிகிச்சை. அந்தச் சீருடையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே ஓய்வு அறிவித்தார்.

இரண்டாம் கீப்பரின் பை

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இது என்பதால் கடைசியாக. இரண்டாம் கீப்பர் தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் நின்று, ஆள் மாறும்போதெல்லாம் கதவைத் திறந்து மூடுவார். மாதக்கணக்கில் அதுதான் வேலை. ஆனால் முதல் கீப்பருக்கு அடிபட்டாலோ, பயிற்சியாளர் மாற்ற முடிவு செய்தாலோ, தயாராக நேரமே இருக்காது. அதனால் பையில் இவை எப்போதும் இருக்கட்டும்: மாற்று ஸ்கேட் கயிறு, முகமூடிக்கு உதிரித் திருகும் பட்டையும், திருப்புளி, உலர்ந்த சட்டை இரண்டு, கை துடைக்கத் துண்டு, வாழைப்பழம். பேடு வார்களை ஆட்டத்துக்கு முன்பே சரியான துளையில் மாட்டிவிட வேண்டும்; அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தளர்த்தி வைக்கக் கூடாது. ஒவ்வொரு இடைவேளை முடியும்போதும் இரண்டு நிமிடம் முன்னதாக ஐஸுக்கு வந்து, இரு கம்பத்துக்கும் நடுவே நாலு முறை போய் வர வேண்டும்.

போன ஜனவரியில் ஒரு புதன்கிழமை. நானும் மனைவியும் 200 கிலோமீட்டர் ஓட்டிப் போய், அவன் கதவு திறப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆட்டத்தின் மூன்று பகுதியில் இரண்டாவதில் 4-1 என்று பின்தங்கியதும் பயிற்சியாளர் திரும்பி அவனைப் பார்த்துத் தலையசைத்தார். தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தான். தண்ணீர்ப் புட்டியை வலை மேல் வைத்தான். மட்டையால் இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. எட்டு வயதிலிருந்து அதே வரிசை. மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நடுவட்டத்தில் நடுவர் பக்கைக் கீழே போட்டார்.